ஆஷ்வெல் தேவாலயச் சுவரில் ஒரு சாட்சியம்

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் ஆஷ்வெல் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் மேரி தேவாலயத்தின் கோபுரத்துக்குள் நுழைந்து வடக்குச் சுவரைப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் கூர்மையான எதையோ வைத்துக் கீறிய சில லத்தீன் வரிகள் தெரியும். எழுத்துகள் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் ஆழமாக, இன்னோரிடத்தில் லேசாக, ஏறியும் இறங்கியும் போகின்றன. எழுதியவர் பெயர் போடவில்லை. எந்த அரசரும் இதைச் செதுக்கச் சொல்லவில்லை. ஏறத்தாழ 660 ஆண்டுகளாக அந்த வரிகள் அங்கேயே இருக்கின்றன.

அவை சொல்லும் செய்தியின் சாரம் இதுதான்: 1350ஆம் ஆண்டு. இரங்கத்தக்க, வெறிபிடித்த, கொடிய ஆண்டு. மக்களில் கடைப்பட்டவர்கள் மட்டுமே சாட்சி சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு பெருங்காற்று. 1361ஆம் ஆண்டு, புனித மாருஸ் நாளில், அது உலகமெங்கும் இடிபோல் முழங்குகிறது.

ஐரோப்பாவை உலுக்கிய கறுப்புச் சாவு என்ற கொள்ளை நோயைப் பற்றிப் புத்தகங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. ஆனால் அதிலிருந்து தப்பிய ஒருவர், தன் ஊர்ச் சுவரிலேயே தன் கையால் எழுதிவைத்த சொற்கள் மிகவும் அரிது. வானொலியில் வேலை செய்பவள் நான். நாங்கள் பேசியது பேசிய நொடியிலேயே காற்றோடு போய்விடும். அதனால்தானோ என்னவோ, காற்றைப் பற்றிக் கல்லில் எழுதிவைத்த இந்த மனிதர் என்னை விடவே இல்லை.

கணக்குப் போட்டுப் படிக்க வேண்டிய வரி

அந்த வாசகத்தில் ஆண்டு நேரடியாக எழுதப்படவில்லை. ‘ஆயிரம், மும்முறை நூறு, ஐம்முறை பத்து’ என்ற பொருளில், எழுத்தும் எண்ணும் கலந்து வருகிறது. கூட்டிப் பார்த்தால் 1350. அருகிலேயே உள்ள இன்னொரு கீறல் முதல் கொள்ளை நோயைக் குறிக்கும்போது ‘ஐம்பதில் ஒன்று குறைய’ என்கிறது. அதாவது 1349.

எண்களை இப்படிப் பிரித்துச் சொல்லிச் செய்யுளில் அடக்குவது அந்தக் காலத்துப் படித்தவர்களின் பழக்கம். இந்த வரிகளுக்கும் ஓசை உண்டு. சொற்களின் முடிவுகள் ஒன்றோடொன்று இயைந்து வருகின்றன. ஊரில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த காலத்தைப் பற்றி எழுதும்போதும் இவர் சந்தம் பார்த்திருக்கிறார். முதலில் எனக்கு இது விசித்திரமாகப்பட்டது. பிறகு நம் வீடுகளில் பாட்டிமார் ஒப்பாரி வைப்பதை நினைத்துக்கொண்டேன். துக்கம் பெரிதாகப் பெரிதாக மனிதர்களுக்குச் சந்தம் தேவைப்படுகிறது போலும்.

லத்தீனில் எழுதத் தெரிந்தவர் என்றால் அவர் தேவாலயத்தோடு தொடர்புள்ளவராக இருந்திருக்க வேண்டும். பாதிரியாராகவோ அவருடைய உதவியாளராகவோ இருக்கலாம். உழவர்களுக்கு அன்று எழுத்தறிவு கிடையாது. அந்தக் கிராமத்தில் எழுதத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களிலும் எஞ்சியிருந்த ஒருவர்தான் நம்மிடம் பேசுகிறார்.

ஊரும் ஊற்றும்

ஆஷ்வெல் இன்று சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் அமைதியான ஊர். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் தடத்தில், ஆஷ்வெல் அண்ட் மோர்டன் என்ற சின்ன நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊர் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். வயல்களுக்கு நடுவே நடந்து போகும்போது, ஊர் தெரிவதற்கு முன்பே தேவாலயக் கோபுரம் தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயரில் உள்ள ‘ஆஷ்’ ஒரு மரத்தின் பெயர். ‘வெல்’ என்பது நீரூற்று. அந்த ஊற்று இன்றும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மரங்களுக்குக் கீழே, சுண்ணாம்புப் பாறையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் கசிந்து வந்து ஓடையாகிறது. அதுதான் கேம் ஆற்றின் ஒரு தலையூற்று. கேம்பிரிட்ஜில் சுற்றுலாப் பயணிகள் படகில் போகும் அதே கேம் ஆறு.

இந்த வட்டாரத்தில் நீர் புனிதமாக இருந்தது நேற்று இன்றல்ல. 2002ஆம் ஆண்டில், ஊருக்குப் பக்கத்து வயலில் உலோகம் தேடும் கருவியோடு நடந்த ஒருவர், ரோமர் காலத்துப் பொன், வெள்ளிக் காணிக்கைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் செனுனா என்ற ஒரு பெண் தெய்வத்தின் பெயர் இருந்தது. அதுவரை அப்படியொரு தெய்வம் இருந்ததே வரலாற்றாசிரியர்களுக்குத் தெரியாது. அந்தப் பொருள்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1086ஆம் ஆண்டில் வெற்றி வீரர் வில்லியம் நாடு முழுவதையும் கணக்கெடுத்தபோது, ஆஷ்வெல் சந்தையுள்ள ஒரு சிறு நகரமாகப் பதிவாகியிருக்கிறது. நிலம் வெஸ்ட்மின்ஸ்டர் அபி மடத்துக்குச் சொந்தம். தானியமும் கம்பளியும் கைமாறின. பணம் புழங்கியது. அந்தப் பணம் ஒரு பெரிய தேவாலயத்துக்கு அடித்தளம் போட்டது.

சுண்ணாம்புக் கல்லில் எழுந்த கோபுரம்

ஊரின் அளவுக்கும் தேவாலயத்தின் அளவுக்கும் பொருத்தமே இல்லை. கோபுரம் 176 அடி உயரம். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் தேவாலயக் கோபுரங்களில் இதுவே மிக உயரமானது என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். சதுரமான கோபுரம் அடுக்கடுக்காக எழுகிறது. மூலைகளில் தடித்த முட்டுச் சுவர்கள் தாங்கிப் பிடிக்கின்றன. உச்சியில் எண்கோண வடிவில் ஒரு சிறு மாடம், அதற்கு மேல் ஈயத் தகடு போர்த்திய ஊசி முனை. சதுரக் கோபுரத்தின் நடுவிலிருந்து இப்படி ஒல்லியான முனை எழுவது இந்த மாவட்டத்துக்கே உரிய பாணி. ‘ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஸ்பைக்’ என்றே அதற்குப் பெயர்.

கட்டடத்தின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல்லுக்குப் பெயர் ‘கிளஞ்ச்’. சுண்ணாம்புப் பாறையிலேயே கொஞ்சம் கெட்டியான வகை. பக்கத்திலேயே வெட்டியெடுக்கலாம், உளிக்கு எளிதில் இணங்கும், வெண்ணெய் நிறத்தில் அழகாகவும் இருக்கும். ஆனால் மழையும் பனியும் பட்டால் உதிரும். வெளிச்சுவரில் அங்கங்கே வேறு வேறு காலத்தில் ஒட்டுப் போட்டிருப்பதை இன்றும் காணலாம். இந்தக் கல் மிருதுவாக இருப்பதால்தான் ஒரு மனிதர் கத்தி முனையால் தன் மனத்தை அதில் எழுத முடிந்தது. கருங்கல்லாக இருந்திருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திருக்காது.

தேவாலயத்துக்குள் போவதற்கு முன், மயானத்தின் வாசலில் மரத்தால் ஆன ஒரு கூரை வாயிலைக் கடக்க வேண்டும். ‘லிச் கேட்’ என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘லிச்’ என்றால் பிணம். அடக்கம் செய்யக் கொண்டுவரும் உடலை அங்கே இறக்கி வைத்து, பாதிரியார் வரும்வரை காத்திருப்பார்கள். ஆஷ்வெல்லில் இது இரட்டை வாயிலாக இருக்கிறது.

உள்ளே காலடி வைத்ததும் முதலில் வந்து நம்மைத் தொடுவது வெளிச்சம். நடுக்கூடத்தின் இரு பக்கமும் உயரமான தூண் வரிசைகள். அவற்றுக்கு அப்பால் பக்கக் கூடங்கள். பெரிய ஜன்னல்களில் பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடி. இடைக்காலத்தில் இங்கே வண்ணக் கண்ணாடியும் சுவர் ஓவியங்களும் இருந்திருக்கும். 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது இங்கிலாந்து முழுவதும் தேவாலய ஓவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள். சிலைகளை அகற்றினார்கள். இன்று நாம் பார்க்கும் வெண்மையும் அமைதியும் ஓர் இழப்பின் விளைவு.

1348: கரை இறங்கிய நோய்

1347ஆம் ஆண்டு அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து வந்த கப்பல்களோடு இந்த நோய் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வந்து சேர்ந்தது. 1348 கோடையில் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள மெல்கம்ப் என்ற துறைமுகத்தில் இறங்கியது. அது இன்றைய வேமவுத் நகரின் ஒரு பகுதி. அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டனைத் தொட்டது. 1349இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கிராமங்களுக்குள் புகுந்தது.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி, கடும் காய்ச்சல், சில நாள்களில் மரணம். நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்று அன்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், கிரகங்களின் சேர்க்கை என்றார்கள், கடவுளின் கோபம் என்றார்கள். லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் கொள்ளை நோய்க்காகவே திறந்த மயானத்தின் எலும்புக்கூடுகளிலிருந்து, 2011ஆம் ஆண்டில்தான் அந்தக் கிருமியின் மரபணு வரிசையை அறிவியலாளர்கள் முழுமையாக மீட்டெடுத்தார்கள்.

இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிலிருந்து பாதிப்பேர் வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. சாகக் கிடப்பவர்களின் பாவமன்னிப்பைக் கேட்க வீடு வீடாகப் போனதால் பாதிரியார்களும் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். 1349 ஜனவரியில் பாத் அண்ட் வெல்ஸ் ஆயர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாதிரியார் கிடைக்காவிட்டால், சாகப்போகிறவர் தன் பாவங்களைச் சாதாரண மனிதரிடம் சொல்லலாம், ஆண் இல்லையென்றால் ஒரு பெண்ணிடமும் சொல்லலாம் என்றார். அந்தக் காலத்து ஆயர் ஒருவர் ‘பெண்ணிடமும்’ என்று எழுதும் நிலைக்கு வந்தார் என்றால், நிலைமை எவ்வளவு கைமீறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அயர்லாந்தில் கில்கென்னி நகரில் ஜான் கிளின் என்ற துறவி இருந்தார். கண்டதையெல்லாம் எழுதிவைத்த அவர், கடைசியில் சில வெற்றுத் தாள்களையும் விட்டுவைத்தார். ஆதாமின் வழிவந்தவர் யாராவது உயிரோடு எஞ்சினால் இந்த வேலையைத் தொடரட்டும் என்பது அவர் எண்ணம். அதற்குக் கீழே வேறொருவர் கையெழுத்தில், நூலாசிரியர் இத்துடன் இறந்துவிட்டதாகத் தெரிகிறது என்ற குறிப்பு இருக்கிறது.

கிளினிடம் தாள் இருந்தது. ஆஷ்வெல்காரரிடம் சுவர் இருந்தது.

கடைப்பட்டவர்கள் யார்?

இந்த வாசகத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘மக்களில் கடைப்பட்டவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்’ என்ற பகுதிதான். அந்த லத்தீன் சொற்களை ‘சக்கை’ என்றும் பெயர்க்கலாம், ‘மிக இழிந்தவர்கள்’ என்றும் பெயர்க்கலாம், ‘பரிதாபத்துக்குரியவர்கள்’ என்றும் பெயர்க்கலாம். எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எழுதியவரின் முகமே மாறிவிடும்.

ஒரு விதமாகப் பார்த்தால் இது மேல்தட்டுக்காரரின் எரிச்சல். நோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் இல்லை. எஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போனார்கள். நிலவுடைமையாளர்கள் பதறினார்கள். 1349இல் ஓர் அரசாணை, 1351இல் ஒரு சட்டம் என இரண்டு வந்தன. கூலி 1346ஆம் ஆண்டின் அளவைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டது. நல்லவர்களெல்லாம் போய்ச்சேர்ந்தார்கள், பேராசைக்காரர்கள்தான் மிச்சம் என்ற புலம்பல் அந்தக் காலத்து எழுத்துகளில் நிறையவே கேட்கும். நம்மவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம்.

இன்னொரு விதமாகப் பார்த்தால், அந்தக் ‘கடைப்பட்டவர்கள்’ கூட்டத்தில் அவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். ஏனென்றால் சாட்சி சொல்ல எஞ்சியவர்கள் என்று எழுதும் கையே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளை போய்விட்டது, என்னைவிட நல்லவர்களெல்லாம் போய்விட்டார்கள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன் என்ற கேள்வி அது.

எனக்கு இரண்டாவது பொருள்தான் சரியென்று படுகிறது. 2020ஆம் ஆண்டு நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது, ஒவ்வொரு நாளும் ஒலிபரப்பில் தொற்று எண்ணிக்கையையும் மரண எண்ணிக்கையையும் வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. நேயர்கள் அழைப்பார்கள். ஒரு பெண்மணி, கணவரை இழந்தவர், என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “எனக்குத்தாம்மா சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம். அவருக்கு ஒன்னுமே இல்ல. போக வேண்டியவ நான்தான்.” ஆஷ்வெல் சுவரில் இருப்பது அதே வாக்கியம்தான். மொழி மட்டும் லத்தீன்.

குழந்தைகளின் சாவும் பெருங்காற்றும்

1361ஆம் ஆண்டில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை அதிகம் இறந்தவர்கள் குழந்தைகளும் இளைஞர்களும். ‘குழந்தைகளின் கொள்ளை நோய்’ என்றே அன்றைய குறிப்புகள் அதைச் சொல்கின்றன. முதல் அலைக்குப் பிறகு பிறந்த தலைமுறை அது. எல்லாம் முடிந்தது, மறுபடி வாழ்க்கை தொடங்கிவிட்டது என்று பெற்றோர்கள் நம்பிய நேரத்தில் பிள்ளைகள் போனார்கள்.

அதன் பிறகு காற்று. புனித மாருஸ் நாள் என்பது ஜனவரி 15. நம் கணக்குப்படி அது 1362. அன்று இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும் என்பதால் சுவரில் 1361 என்று இருக்கிறது. அந்தப் புயல் தெற்கு இங்கிலாந்து முழுவதையும் சூறையாடியது. நார்விச் பேராலயத்தின் மர முனைக்கோபுரம் சரிந்து விழுந்தது. வட கடலைத் தாண்டிய அதே புயல் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரைகளில் ஊர்களையே கடலுக்குள் இழுத்துப் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெரிய சாவு நடந்தபோதும், குழந்தைகள் இறந்தபோதும் வேலை முற்றிலும் நின்றுவிடவில்லை. நோய்க்குப் பின்னும் ஆஷ்வெல்காரர்கள் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பாதி ஊர் மயானத்தில் இருக்கும்போது, மிச்சம் பாதி சாரத்தில் ஏறிக் கல் அடுக்கியது.

நோய் மாற்றிய மொழி

நோய்க்குப் பிறகு எளிமையான, நேர்கோடுகள் நிறைந்த ‘பெர்பெண்டிகுலர்’ கட்டடப் பாணி பரவியதற்குத் தேர்ந்த சிற்பிகள் இறந்துபோனதுதான் காரணம் என்று முன்பு சொல்வார்கள். ஆனால் அந்தப் பாணி 1330களிலேயே குளோஸ்டரில் தொடங்கிவிட்டது. நோய் அதைத் தோற்றுவிக்கவில்லை, அது பரவ வழிவிட்டது என்பதே இன்றைய கருத்து.

மொழியிலும் மாற்றம் வந்தது. இது நமக்குச் சுவையான செய்தி. அதுவரை இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் பிரெஞ்சு வழியாகத்தான் லத்தீன் படித்தார்கள். வீட்டில் பேசும் ஆங்கிலத்துக்கு வகுப்பறையில் மதிப்பில்லை. முதல் கொள்ளை நோய்க்குப் பிறகு அந்த முறை மாறி, பள்ளிகளில் ஆங்கிலம் நுழைந்தது என்று ஜான் ட்ரெவிசா என்பவர் 1385இல் பதிவு செய்திருக்கிறார். புயலடித்த அதே 1362ஆம் ஆண்டில்தான், நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இன்று உலகை ஆளும் ஆங்கிலமும் ஒரு காலத்தில் சொந்த மண்ணிலேயே இரண்டாம் தரமாக இருந்து, மெல்ல எழுந்து வந்த மொழிதான்.

கூலிச் சட்டத்தின் புகைச்சலும் அடங்கவில்லை. தலைவரியும் சேர்ந்துகொள்ள, 1381இல் உழவர்கள் திரண்டு லண்டனுக்குள்ளேயே புகுந்தார்கள். இதே மாவட்டத்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தில் மக்கள் மடத்துக்கு எதிராக எழுந்தார்கள். ‘கடைப்பட்டவர்கள்’ எனப்பட்டவர்களுக்குத் தங்கள் மதிப்பு புரிந்துவிட்டது.

“சித்தி, அவங்கள யாரும் திட்டலியா?”

நான் ஆஷ்வெல்லுக்குப் போனது ஒரு கோடைக்காலத்தில், கேம்பிரிட்ஜில் வசிக்கும் என் அக்காவோடும் அவளுடைய பத்து வயது மகனோடும். அவனுக்குக் கொள்ளை நோயைவிட வேறொன்றுதான் பெரிதாகத் தெரிந்தது.

“சித்தி, சர்ச் சுவத்துல கிறுக்குனா திட்டமாட்டாங்களா?”

“இப்ப கிறுக்கினா திட்டுவாங்கடா. அப்ப அப்படி இல்ல.”

“அப்போ மட்டும் ஏன்?”

நியாயமான கேள்வி. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ரேடியோவுல பேசுறவதானே, பதில் சொல்லு.”

இடைக்காலத்தில் தேவாலயம் ஊரின் பொது வீடு. நடுக்கூடத்தில் இன்று போல் நிரந்தர இருக்கைகள் அடைத்துக்கொண்டிருக்கவில்லை. திருவிழா, ஊர்க்கூட்டம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். சுவர்களில் வண்ணம் பூசியிருந்ததால், லேசாகக் கீறினாலே உள்ளிருக்கும் வெள்ளைக் கல் பளிச்சென்று தெரியும். எழுதத் தெரியாதவர்கள் கப்பல் வரைந்தார்கள், கை வரைந்தார்கள், தீமையை விரட்டுவதாக நம்பிய வட்டப் பூக்கோலங்களை வரைந்தார்கள். பலவும் மௌனமான வேண்டுதல்கள். அவற்றைக் குறும்பு என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

குறும்பும் இல்லாமல் இல்லை. ஆஷ்வெல் தூண் ஒன்றில் ஒருவர், மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, இதன்மேல் காறித் துப்புகிறேன் என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். சக கொத்தனாரின் வேலையைப் பற்றிய விமர்சனம்! இன்னொருவர் மேலதிகாரியான பாதிரியாரைக் கழுதை என்கிறார். வேறொருவர் குடி அறிவைக் கெடுக்கும் என்று உபதேசிக்கிறார். இதைக் கேட்டதும் என் அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். தேவாலயத்தில் இருந்த ஒரு முதியவர் திரும்பிப் பார்த்து, கோபப்படாமல் புன்னகைத்தார்.

கொள்ளை நோய் வரிகளுக்குக் கீழே இன்னொரு அற்புதம் இருக்கிறது. உயர்ந்த முனைக்கோபுரம், ஜன்னல் வரிசைகள் எல்லாம் நுணுக்கமாகக் கீறப்பட்ட ஒரு பெரிய பேராலயத்தின் படம். இது லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த முனைக்கோபுரம் 1561இல் மின்னல் தாக்கி எரிந்தது. பேராலயமும் 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயில் அழிந்தது. தலைநகரில் மறைந்துபோன ஒரு கட்டடத்தின் நினைவை ஒரு கிராமத்துச் சுவர் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தேயும் சுவர்

இந்தக் கீறல்களை அறிஞர்கள் நெடுங்காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயலெட் பிரிட்சர்ட் என்ற பெண்மணி 1967இல் வெளியிட்ட நூல்தான் இடைக்காலச் சுவர்க் கீறல்களை முறையாகத் தொகுத்த முன்னோடி முயற்சி. 2010இல் மேத்யூ சாம்பியன் என்பவர் நார்ஃபக் வட்டாரத்தில் தன்னார்வலர்களைத் திரட்டித் தேவாலயம் தேவாலயமாகத் தேடத் தொடங்கினார். கருவி அதிகம் வேண்டாம். விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிழலோடு எழுந்து வரும்.

அப்படித் தேடியதில், கேம்பிரிட்ஜுக்கு அருகே கிங்ஸ்டன் கிராமத்துத் தேவாலயத்தில் மூன்று பெயர்கள் கிடைத்தன. கேத்தரின், ஜேன், ஏமி. மூவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. ஆண்டு 1515. அந்த ஆண்டு கொள்ளை நோய் பரவிய ஆண்டு. இறந்துபோன குழந்தைகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களைப் பற்றி உலகில் எஞ்சியிருப்பது அந்தக் கீறல் மட்டுமே.

ஆனால் கிளஞ்ச் கல் காலத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஈரம் ஏறினால் பொடியும். ஆர்வத்தில் விரலால் தடவுபவர்களாலும் தேயும். இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களைப் பராமரிக்கும் சுமை பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சபையின் தலையில்தான் விழுகிறது. வழிபாட்டுக்கு வருவோரோ குறைந்துகொண்டே போகிறார்கள். கூரை ஒழுகினால் ஊர்க்காரர்கள் விருந்து நடத்தி, இசை நிகழ்ச்சி வைத்து, உண்டியல் குலுக்கிப் பணம் சேர்க்கிறார்கள். ஆஷ்வெல்காரர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. 1920களில் பழம்பொருள்கள் சேர்க்கத் தொடங்கிய இரண்டு பள்ளிச் சிறுவர்களின் சேகரிப்பே, 1930இல் பழைய மரச்சட்டக் கட்டடம் ஒன்றில் ஊர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் இயங்குகிறது.

போகும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு யோசனை. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம். சின்னக் கைவிளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். கோபுரத்தின் வடக்குச் சுவரில் ஒளியைப் பக்கவாட்டில் காட்டுங்கள். சுவரைத் தொடாதீர்கள். வெளியே வரும்போது பராமரிப்புப் பெட்டியில் இரண்டு பவுண்டு போடுங்கள். பிள்ளைகளை ஊற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளை நாம் எல்லோரும் கடந்து வந்தோம். யாரை இழந்தோம், இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தபோது என்ன தோன்றியது, அரிசி வாங்க வரிசையில் நின்றது, பக்கத்து வீட்டார் கதவில் சாப்பாட்டுப் பொட்டலம் மாட்டிவிட்டுப் போனது, இதெல்லாம் எங்கே பதிவாகியிருக்கிறது? நான் ஒலிபரப்பில் வாசித்த எண்கள் அரசாங்கக் கோப்பில் இருக்கும். உங்கள் அம்மா பட்டது அங்கே இருக்காது. இந்த வாரக் கடைசியில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, கேளுங்கள். பத்து நிமிடம் போதும். சொன்னவர் பெயரையும் தேதியையும் மறக்காமல் குறித்துவையுங்கள். ஆஷ்வெல்காரர் தேதியைத்தான் எழுதினார், பெயரை எழுதவில்லை.